திரையில் லாபம், கையில் நட்டம்!

திருப்பூர் பதினைந்து வேலம்பாளையத்தில் பன்னிரண்டு தையல் இயந்திரங்களுடன் பனியன் நிறுவனம் நடத்திவரும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். கைப்பேசியை என் முன் நீட்டினார். அந்த மாதம் சமூக ஊடக விளம்பரத்துக்கு அவர் செலவிட்டது 10,000 ரூபாய். அதன் மூலம் நடந்த விற்பனை 40,000 ரூபாய் என்றது திரை.

'நாலு மடங்குன்னு காட்டுதுங்க சார். ஆனா, சனிக்கிழமை சம்பளம் போடக் கையில காசு நிக்க மாட்டேங்குதுங்க' என்றார்.

இது அவர் ஒருவரின் சிக்கல் அன்று. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியபோது, ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்துவந்த சிறு தொழில்முனைவோர் சிலரின் பார்வை உள்நாட்டு வாடிக்கையாளர் பக்கம் திரும்பியது. காதர்பேட்டை மொத்த வியாபாரியை நம்பியிருந்தவர்களும் கைப்பேசி வழியே நேரடி விற்பனையில் இறங்கியிருக்கின்றனர். கடைவீதியில் கடை பிடிக்க முன்பணம் வேண்டும். இணையத்தில் விளம்பரம் இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில்தான் ஓட்டை இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், காஸ்டிங் போடுவதில் திருப்பூர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை. கிலோ நூலின் விலை, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என ஒவ்வொரு படியிலும் பைசா வரை எழுதுவார்கள். கட்டிங் வேஸ்டைக்கூட எடை போட்டு விற்பார்கள். அதே மனிதர்கள் விளம்பரச் செலவை மட்டும் காஸ்டிங் ஷீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, விளம்பரத்தை விற்றவர் காட்டும் திரையை நம்புகிறார்கள். சரக்கை விற்பவரின் தராசிலேயே சரக்கை நிறுத்துப் பார்ப்பது போன்றது இது.

மாணவரை உட்காரவைத்து, ஒரு தாளில் கணக்குப் போட்டோம். ஒரு டி-சர்ட்டின் விலை 400 ரூபாய். 5 சதவீத ஜி.எஸ்.டி. போக அவருக்கு வருவது 381. நூல் முதல் அயர்னிங் வரை அடக்கம் 180. கவர், கூரியர் 70. மிச்சம் 131 ரூபாய். 40,000 ரூபாய் விற்பனை என்றால் 100 ஆர்டர்கள். 13,100 ரூபாய் கிடைத்திருக்க வேண்டும் அல்லவா?

கிடைக்கவில்லை. காரணம், பெரும்பாலான ஆர்டர்கள் 'கேஷ் ஆன் டெலிவரி'. வாடிக்கையாளர் வீட்டில் இல்லை, மனம் மாறிவிட்டது, பணம் இல்லை என 25 பார்சல்கள் திரும்பிவிட்டன. இதை வணிகர்கள் 'ஆர்.டி.ஓ.' என்கிறார்கள். முதலில் எனக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்தான் நினைவுக்கு வந்தது! திரும்பிய ஒவ்வொரு பார்சலுக்கும் போக, வரக் கூரியரும் கவரும் சேர்த்து 110 ரூபாய் நட்டம். ஆக, 75 பார்சல்களில் கிடைத்தது 9,825, திரும்பியவற்றில் போனது 2,750, எஞ்சியது 7,075. விளம்பரச் செலவோ 10,000. நிகர நட்டம் 2,925 ரூபாய். ஆர்டர் பதிவான கணத்திலேயே அதை விற்பனை என்று எழுதிக்கொண்ட திரை, பார்சல் திரும்பி வந்ததைக் கழிக்கவே இல்லை.

இதே கணக்கில், திரும்பும் பார்சல்கள் 25-லிருந்து 10 ஆகக் குறைந்தால் 690 ரூபாய் லாபம் வருகிறது. விளம்பரத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அனுப்பும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு, முன்பணம் யு.பி.ஐ.யில் செலுத்துவோருக்குச் சிறு தள்ளுபடி ஆகியவை இதற்கு உதவும்.

இன்னொரு செலவும் உண்டு. விளம்பரக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.; ஆடைக்கோ 5 சதவீதம். 10,000 ரூபாய் விளம்பரத்துக்குக் கட்டிய 1,800 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், விற்பனை வரி குறைவாக இருப்பதால் அது கணக்கிலேயே தேங்கும். தலைகீழ் வரி அமைப்பில் பொருள்களுக்குக் கட்டிய வரியைத்தான் திரும்பப் பெற முடியும், சேவைகளுக்குக் கட்டியதை அல்ல என்ற விதியை உச்சநீதிமன்றம் 2021 செப்டம்பரில் உறுதி செய்துவிட்டது. சிறு நிறுவனத்தின் நடைமுறை மூலதனம் இப்படியும் முடங்குகிறது. ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிசீலிக்க வேண்டிய விஷயம் இது.

சரி, அந்த 100 ஆர்டர்களாவது விளம்பரத்தால் வந்தவைதானா? விளம்பரத்தைக் கிளிக் செய்த ஏழு நாள்களுக்குள் வாங்கினாலும், வெறுமனே பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும் அதை விளம்பரத்தின் கணக்கில் எழுதும் வழக்கம் உண்டு. எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய பழைய வாடிக்கையாளரும் அதில் சேர்ந்துவிடுவார். இ-பே நிறுவனம் 2012-இல் சில தேடுபொறிகளில் தன் பெயருக்கான விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் ஆகிய பொருளியலாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, விளம்பரம் வழியே வந்துகொண்டிருந்தவர்களில் ஏறத்தாழ அனைவரும் இலவசத் தேடல் முடிவுகள் வழியாகவே வந்துசேர்ந்தனர். புதியவர்களையும் எப்போதாவது வாங்குபவர்களையும் கொண்டுவர மட்டுமே விளம்பரம் பயன்பட்டது.

பெரு நிறுவனத்தின் முடிவு அப்படியே நமக்குப் பொருந்தாது. பெயர் தெரியாத பனியன் நிறுவனத்துக்கு வருபவர் எல்லாருமே புதியவர்கள்தாம். ஆனால், சோதிக்கும் முறை பொருந்தும். சேலம், ஈரோடு மாவட்டங்களில் நான்கு வாரம் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, மதுரை, திருச்சியில் தொடரலாம். விற்பனை எவ்வளவு குறைகிறதோ அதுவே விளம்பரத்தின் உண்மையான பங்கு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இதைச் செய்தால் முடிவு தவறாகும். மேலும், உள்ளாடை மீண்டும் மீண்டும் வாங்கும் பொருள். முதல் ஆர்டரில் சிறு நட்டம் வந்தாலும் அதே நபர் விளம்பரமின்றி வாட்ஸ்ஆப்பில் அடுத்த ஆர்டர் தந்தால் அந்த நட்டம் முதலீடாகிவிடும். எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதை நாம்தான் நம் நோட்டில் எழுத வேண்டும். இந்தக் கணக்கைச் சொல்லித்தரும் வகுப்புகளை, சைமா போன்ற தொழில் அமைப்புகள் நடத்தலாம்.

என் மாணவர் இப்போது காஸ்டிங் ஷீட்டில் அயர்னிங்குக்குக் கீழே இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறார்: விளம்பரம், ரிட்டன். திரும்பும் பார்சல்கள் 25-லிருந்து 16 ஆகியிருக்கின்றன. இன்னும் நட்டம்தான், ஆனால், எவ்வளவு என்பது அவருக்குத் தெரிகிறது. அடுத்த மாதம் சேலத்தில் விளம்பரத்தை நிறுத்திப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.