வீட்டைக் கட்டி இழுத்துப் பார்!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் பெரியோர்கள் இரண்டு சோதனைகளைச் சொல்லி வைத்தார்கள். அமெரிக்க தேசத்தார் மூன்றாவது சோதனை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வீட்டை மோட்டார் வண்டிக்குப் பின்னால் கட்டி, மனைவி மக்களுடன் மலைமேல் இழுத்துப் பார்ப்பதுதான் அது.

வீடு என்று நாம் சொல்வது மிகையன்று. இருபது முப்பது அடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, ஸ்நான அறை எல்லாம் உண்டு. இல்லாதது என்ஜின் ஒன்றுதான். இதற்கு 'டிராவல் டிரெய்லர்' என்று பெயர். இதை இழுக்கும் மாடு 'பிக்-அப்' எனப்படும் வண்டி. முன்பாதி மோட்டார் கார், பின்பாதி மேல்மூடி இல்லாத லாரி. கோடை விடுமுறை விட்டதும் அந்நாட்டுக் குடும்பங்கள் இவ்விரண்டையும் பூட்டிக்கொண்டு காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் கிளம்பிவிடுகின்றன. ஹோட்டல் செலவு மிச்சம், சொந்தப் படுக்கை, சொந்தச் சமையல்.

ஃபோர்டு கம்பெனியார் தங்கள் 'மாடல் டி' வண்டியின் பின்புறம் சாமான் தொட்டி வைத்து, அதைப் பிக்-அப் என்று விற்கத் தொடங்கியது 1925-ஆம் ஆண்டில். டிரெய்லர்களில் புகழ் பெற்றவை வாலி பையம் என்பவர் செய்தவை. (கிஷ்கிந்தைக்கும் இவருக்கும் சம்பந்தம் கிடையாது.) 1936-இல் இவர் வெளியிட்ட 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்', அலுமினியத் தகடுகளை ஆகாய விமானத்தைப் போல் தறைந்து செய்த வண்டி. 1959-இல் இம்மனிதர் ஒரு டிரெய்லர்க் கூட்டத்தையே ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் டவுனிலிருந்து கெய்ரோவுக்கு நடத்திச் சென்றார். அந்த நாட்களில் சாதாரணக் கார்களும் டிரெய்லரை இழுத்தன. பிறகு கார்கள் சிறுத்தன, டிரெய்லர்கள் பெருத்தன. வேலை பிக்-அப்பின் தலையில் விழுந்தது.

1954-இல் 'தி லாங், லாங் டிரெய்லர்' என்று ஒரு ஹாஸ்யப் படம் வெளிவந்தது. லூசில் பால் என்ற நடிகை, போகுமிடமெல்லாம் ஞாபகார்த்தமாகக் கற்களைப் பொறுக்கி டிரெய்லரில் சேர்க்கிறாள். மலை ஏறுமுன் அவற்றை எறிந்துவிடு என்கிறான் கணவன். அவள் எறியாமல் ஒளித்து வைக்கிறாள். மலைப் பாதையில் என்ன ஆகிறதென்பதைப் படம் பார்த்துத் தெரிந்துகொள்க. பார்ப்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கற்கள்தான் இந்த விஷயத்தின் உயிர்நிலை.

பிக்-அப் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் சொல்வது, "இது பதினாயிரம் ராத்தல் இழுக்கும்" என்பதே. சொல்வது பொய்யன்று. இழுக்கும். நம் ஊர் வண்டிக்காரனிடம் அதைச் சொன்னால் அவன் வேறொரு கேள்வி கேட்பான்: "பாரம் எங்கே விழுகிறது?"

இரட்டை மாட்டு வண்டியில் பிரயாணம் செய்தவர்களுக்கு இது நினைவிருக்கும். பாரம் முன்னால் மிகுந்தால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் விழுந்தாலோ நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். "சாமி, கொஞ்சம் முன்னாலே தள்ளி உட்காருங்க" என்று வண்டிக்காரன் சொல்வது மரியாதைக் குறைவினால் அன்று, கணக்குத் தெரிந்ததனால்.

டிரெய்லரிலும் அதே கணக்குத்தான். அதன் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை முன்மூக்கில் இறங்கி, பிக்-அப்பின் கொக்கியை அழுத்த வேண்டும் என்பது விதி. இதற்குக் குறைந்தால் பின்பாரம். மாட்டு வண்டி மெதுவாகப் போவதால் கழுத்து நெரிவதோடு தீர்ந்தது. மணிக்கு அறுபது மைலில் போகும்போது பின்பாரம் வேறு ரூபம் எடுக்கிறது. பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போகும். அல்லது ஒரு காற்று அடிக்கும். டிரெய்லரின் வால் சற்றே அசையும். அடுத்த அசைவு அதைவிடப் பெரிது. அதற்கடுத்தது இன்னும் பெரிது. நாய் வாலை ஆட்டுவது போய், வால் நாயை ஆட்டத் தொடங்கிவிடும். சில விநாடிகளில் வண்டி, வீடு, உள்ளிருப்போர் எல்லாம் சாலையோரத்தில் கவிழ்ந்து கிடக்க நேரிடும்.

அப்போது பிக்-அப்பின் பிரேக்கை மிதித்தல் ஆகாது. சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் போராடுதலும் ஆகாது. சக்கரத்தை நேராகப் பிடித்து, வேகம் கொடுக்கும் காலை மெல்ல எடுத்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும். டிரெய்லருக்கென்று தனி மின்சார பிரேக்கும், ஓட்டுகிறவர் கைக்கெட்டும் இடத்தில் அதற்கொரு விசையும் வைத்திருப்பது இதற்காகவே. பின்னாலிருந்து பிடித்து இழுத்தால் கோணிய கயிறு நேராகிவிடுவது போல, வண்டியும் நேராகிவிடும்.

இனி, குடும்பக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். சாமானுடன் டிரெய்லர் 7,000 ராத்தல். கொக்கியில் இறங்குவது 900. பிக்-அப்பின் கதவுச் சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வண்டி தன் முதுகில் சுமக்கக் கூடியது எவ்வளவு என்று அதில் அச்சிட்டிருக்கும். 1,500 ராத்தல் என்று வைத்துக்கொள்வோம். கொக்கிச் சாதனங்களுக்கு 100 போனால் மீதி 500. தகப்பனார் 190, தாயார் 150, பையன் 110, பெண் 80. கூட்டினால் 530! பதினாயிரம் ராத்தல் இழுக்கும் வண்டி, நாய் ஏறுமுன்பே, விறகுக் கட்டு ஏறுமுன்பே, வரம்பு மீறிவிட்டது. இழுப்பு வேறு, சுமப்பு வேறு என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை, கேட்டால் சொல்வாராயிருக்கும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டியின் இழுப்பைத் தானே அளந்து, தனக்குத் தோன்றியபடி எண் போட்டுக்கொண்டது. 2008-இல் அமெரிக்க மோட்டார் என்ஜினீயர்கள் சங்கத்தார் எல்லோருக்கும் ஒரே பரீட்சை வைத்தார்கள். பரீட்சை மண்டபம் அரிஸோனாவில், கொலராடோ நதியின் டேவிஸ் அணைக்கட்டிலிருந்து பாலைவன மலைமேல் ஏறும் 11.4 மைல் சாலை. வெயில் 100 டிகிரிக்குக் குறையக் கூடாது; வண்டிக்குள் குளிர் இயந்திரம் முழு வேகத்தில் ஓட வேண்டும்; சாதாரண பிக்-அப் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கலாகாது. கடுமையான பரீட்சைதான். ஆயினும் வண்டியில் இருப்பதாக அவர்கள் கணக்கிடுவது தலைக்கு 150 ராத்தல் வீதம் இரண்டே பேரை. பையனும் பெண்ணும் அந்தக் கணக்கில் இல்லை!

ஏறிய மலையை இறங்கவும் வேண்டுமல்லவா? நம் அபிப்பிராயத்தில் பெரிய அபாயம் இறக்கத்திலேதான். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது காய்ந்து, பிடிக்கும் சக்தியை இழந்துவிடும். தாழ்ந்த கியரில், என்ஜினையே கடிவாளமாகக் கொண்டு, இடையிடையே மட்டும் பிரேக் போட்டு இறங்க வேண்டும். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குச் சட்டமே 55 மைல் என்று வரம்பு கட்டியிருக்கிறது. கொக்கி கழன்றால் தாங்குவதற்கு இரண்டு சங்கிலிகள், டிரெய்லர் மூக்கின் அடியில் குறுக்காகப் பின்னியிருக்கும். அவையும் போனால், ஒரு மெல்லிய கம்பி இழுபட்டு டிரெய்லர் தன் பிரேக்கைத் தானே போட்டுக்கொள்ளும். இவ்வளவு ஏற்பாடும் ஒரு விநாடி நேரத் துர்ச்சம்பவத்துக்காக.

விவரமறிந்த குடும்பஸ்தர் புறப்பட்டவுடன் நேரே லாரிகள் தங்கும் நிலையத்துக்குப் போகிறார். அங்கே எடைமேடை இருக்கிறது. சில டாலர் கொடுத்தால் முன் சக்கரம், பின் சக்கரம், டிரெய்லர் சக்கரம் எனத் தனித்தனியே எடை போட்டுச் சீட்டுத் தருகிறார்கள். சீட்டைப் பார்த்தபின் வீட்டினுள் பங்கீடு நடக்கிறது. நாற்பது காலன் தண்ணீர் 330 ராத்தல். போகுமிடத்தில் குழாய் இருக்கிறது, கொட்டிவிடலாம். விறகு அங்கேயே விலைக்குக் கிடைக்கும். இரும்பு வாணலிகளில் இரண்டு போதாதா? பையன் சேர்த்த கற்கள்? இந்த இடத்தில் சிறிது வாக்குவாதம் உண்டு.

கடைசிச் சோதனை சாயங்காலம், முகாமில். டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளி, ஒதுக்கிய இடத்தில் நிறுத்த வேண்டும். வலப்பக்கம் திருப்பினால் அது இடப்பக்கம் போகும். சக்கரத்தின் அடிப்பாகத்தில் கையை வைத்துக்கொண்டு, டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துவது சுலபமான உபாயம். மனைவி பின்னால் நின்று கை காட்டுகிறாள். "இந்தப் பக்கம்!" என்றால் எந்தப் பக்கம் என்று கணவன் கேட்கிறான். அக்கம் பக்கத்தார் நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். மூன்றாம் தடவையில் வீடு நேராக வந்து நிற்கிறது. பையன் ஓடிப்போய்ச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே தகப்பனார் கொக்கியைக் கழற்றுகிறார். அம்மாள் உள்ளே போய் அடுப்பை மூட்டிக் காப்பிக்குத் தண்ணீர் வைக்கிறாள்.