பெர்லின்: சுவர் போனது, தடம் இருக்கிறது

பெர்லினுக்கு வரும் பயணிகள் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "சுவர் எங்கே?" இடித்துத் தள்ளியாகிவிட்டது என்பதுதான் பதில். பஸ்ஸில் உட்கார்ந்து ஊர் பார்ப்பவர்கள் அந்தப் பதிலோடு திரும்பிவிடுவார்கள். தரையைப் பார்த்து நடக்கிறவர்களுக்குத்தான் மிச்சம் கிடைக்கும். நகரின் மையத்தில் தார்ச் சாலையின் குறுக்கே இரட்டை வரிசையாகக் கற்கள் பதித்திருக்கிறார்கள். நடைபாதை ஏறி, கட்டடத்தில் முட்டி மறைந்து, அப்பால் மீண்டும் தலைகாட்டும் அந்தக் கோடுதான் சுவர் நின்ற இடம்.

1961 ஆகஸ்ட் 13 அன்று கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனி முள்கம்பியாகத் தொடங்கி, பின்னர் கான்கிரீட்டாக மாற்றிய அந்தத் தடுப்பு, மேற்கு பெர்லினை 155 கி.மீ. நீளத்துக்குச் சுற்றி வளைத்திருந்தது. 1989 வரை அங்கே இறந்தவர்கள் குறைந்தது 140 பேர். எல்லைக் காவலர்கள் ரோந்து சுற்றிய பாதையின் பெரும்பகுதி இன்று சைக்கிள் பாதை. சுமார் 160 கி.மீ. மொத்தமும் மிதிக்க மூன்று, நான்கு நாட்களாகும். கால் வலித்தால் சைக்கிளுக்கும் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளூர் ரயிலில் ஏறிவிடலாம்.

பெர்னாவர் வீதியை மட்டும் நடந்தே பார்க்க வேண்டும். இங்கே வீடுகள் கிழக்கில். வாசலில் இருந்த நடைபாதையோ மேற்கில்! கதவுகளை அடைத்ததும் மக்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள். கீழே மேற்கு பெர்லின் தீயணைப்பு வீரர்கள் வலையை விரித்துப் பிடித்தார்கள். 1961 ஆகஸ்ட் 22 அன்று இடா ஸீக்மான் என்ற பெண்மணி மெத்தை, தலையணைகளை வீசிவிட்டு, வலை தயாராகும் முன்பே குதித்தார். சுவர் பலிகொண்ட முதல் உயிர் அவருடையது. இதே வீதியில் சுவர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்ட தேவாலயத்தை 1985இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் உடைந்த செங்கற்களைக் களிமண்ணில் கலந்து 2000இல் எழுப்பிய சிறு ஆலயம் இப்போது அங்கே நிற்கிறது. பக்கத்தில், துப்பாக்கிகள் குறிபார்த்த மண்ணில், கோதுமைக்கு உறவான ரை பயிரிடுகிறார்கள்.

இனி சைக்கிள். ஒரு எச்சரிக்கை: சைக்கிளுக்கான தடத்தில் நடந்தால் மணிச் சத்தம் காதைத் துளைக்கும். பெர்லின்காரர்கள் திட்டவும் தயங்குவதில்லை.

கால்வாய்க் கரையோரம் சற்று தூரம் போனால், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு காவல் கோபுரம் விழிக்கிறது. சுவர் எழுந்து பதினொரு நாளில், நீந்தித் தப்ப முயன்ற தையற்காரர் குந்தர் லிட்ஃபினைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 24. சுவரில் சுட்டுக் கொல்லப்பட்ட முதல் மனிதர். அவருடைய தம்பி யூர்கன் இந்தக் கோபுரத்தை அண்ணனின் நினைவிடமாக்கி, வருகிறவர்களுக்குத் தானே கதை சொல்லிவந்தார்.

பிராண்டன்பர்க் வாயிலில் கூட்டம். செக்பாயின்ட் சார்லியில் நிற்பது பழைய காவல் சாவடியின் நகல். சுற்றிலும் திருவிழாக் கடைவீதி. அங்கே நேரத்தை வீணாக்காமல் ஸ்ப்ரே நதிக்கரைக்குப் போவது நல்லது. 1990இல் ஓவியர்கள் வண்ணம் தீட்டிய 1.3 கி.மீ. சுவர் அங்கே இன்னும் நிற்கிறது.

தெற்கே பிரிட்ஸ் கால்வாய்க்குப் பயணிகள் அதிகம் வருவதில்லை. இருகரையிலும் சின்னச் சின்னத் தோட்டங்கள். 1989 பிப்ரவரி 5 இரவு, சுடும் உத்தரவை ரத்து செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, க்ரிஸ் கெஃப்ராய் என்ற 20 வயது இளைஞர் நண்பருடன் இங்கே வேலியைத் தாண்ட முயன்றார். கேள்விப்பட்டது பொய். குண்டு மார்பில் பாய்ந்தது. சுட்ட காவலர்களுக்கு ஆளுக்கு 150 மார்க் பரிசு. அடுத்த ஒன்பதே மாதத்தில் சுவர் திறந்தது. பரிசு வாங்கியவர்கள் ஜெர்மனி இணைந்த பிறகு கூண்டில் நின்றார்கள்.

2010இல் அங்குள்ள சாலைக்கு க்ரிஸ் கெஃப்ராயின் பெயரைச் சூட்டினார்கள். அவர் தாண்ட முயன்ற கால்வாயின் மேல் இன்று பாலம் இருக்கிறது. சைக்கிளில் கடக்க அரை நிமிடம்கூட ஆகாது.