சாக்கட்டியால் நடந்த கடற்போர்!

போர் விளையாட்டுப் பிரியர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். மேஜைமேல் கடல் படத்தை விரிப்பார்கள். ஒருவர் ஜெர்மன் கட்சி. மற்றவர் பிரிட்டிஷ் கட்சி. ஆட்டம் தொடங்குமுன்பே வாக்குவாதம் தொடங்கிவிடும். "யார் கப்பல் சிறந்தது? யார் குண்டு சிறந்தது?" என்று மணிக்கணக்கில் பேசுவார்கள்.

இரண்டாம் உலகப் போரில் இப்படி ஓர் ஆட்டத்தை ஒரு நாட்டின் கடற்படையே ஆடியது. ஆடியது பொழுதுபோக்குக்கு அல்ல. பல்லாயிரம் மாலுமிகளின் உயிர் அதில் இருந்தது!

தீவுக்கு வந்த ஆபத்து

இங்கிலாந்து ஒரு தீவு. கோதுமை, இறைச்சி, பெட்ரோல் எல்லாம் கப்பலில்தான் வரவேண்டும். அமெரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி முப்பது, நாற்பது கப்பல்கள் கூட்டமாக வரும். சுற்றிலும் காவல் கப்பல்கள் வரும். பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் இந்திய மாலுமிகளும் ஏராளமாக வேலை பார்த்தார்கள்.

இந்தக் கூட்டங்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் வேட்டையாடின. இரவில் "டார்ப்பிடோ" பாயும். கப்பல் வெடிக்கும். குளிர்ந்த கடலில் விழுந்தவன் பிழைப்பது அரிது.

நீர்மூழ்கி என்றால் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. ஜெர்மானியர் அதிகமாகப் பயன்படுத்திய வகை, நீர்மேல் மணிக்கு 17 கடல் மைல் ஓடும். நீருக்குள் போனால் பாட்டரியை நம்பி ஓட வேண்டும். அப்போது வேகம் 7 மைல்தான். அதுவும் நெடுநேரம் தாங்காது. ஆகவே இரவில் அது நீர்மேல் மிதந்துதான் தாக்கும்.

பிரிட்டிஷாரின் "கார்வெட்" காவல் கப்பலோ மணிக்கு 16 மைல்தான் ஓடும். துரத்தினாலும் பிடிக்க முடியாது! நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் "ஆஸ்டிக்" கருவி அதில் இருந்தது. ஆனால் நீர்மேல் மிதக்கும் நீர்மூழ்கியிடம் அதன் ஜம்பம் பலிக்கவில்லை.

நோயாளி என்று விலக்கப்பட்டவர்

கில்பர்ட் ராபர்ட்ஸ் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. காசநோய் வந்ததால் 1938-ல் அவரைக் கடற்படை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. 1942 ஜனவரியில் மீண்டும் அழைத்தது. லிவர்பூல் நகரின் டெர்பி மாளிகையில், மேல் மாடியில் இடம் கொடுத்தார்கள். "நீர்மூழ்கியை ஒழிக்க வழி கண்டுபிடியுங்கள்" என்றார்கள்.

அவருக்குத் துணையாக வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இருபது வயதைச் சுற்றியவர்கள். கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்தவர்கள். "ரென்" என்று அவர்களைச் செல்லமாக அழைப்பார்கள். ரென் என்பது அந்த ஊரில் ஒரு சின்னக் குருவி. போர் முடிவதற்குள் மொத்தம் 66 பெண்கள் அங்கே வேலை செய்தார்கள்.

அறையின் தரையே கடல். அதில் கட்டம் கட்டமாகக் கோடுகள். பத்து அங்குலம் ஒரு கடல் மைல். மரத்தில் செய்த குட்டிக் கப்பல்கள். பெண்கள் குனிந்து சாக்கட்டியால் கப்பல் போகும் பாதையைத் தரையில் வரைவார்கள். நம்மவர் பார்த்தால் கோலம் போடுகிறார்கள் என்றே நினைப்பார்கள்!

சதுரங்கம் நமக்குத் தெரியும். அதில் எதிரியின் காய் எல்லாம் நம் கண்முன்னே இருக்கும். இந்த ஆட்டம் அப்படி அல்ல. காவல் கப்பல் அதிகாரிகளைக் கான்வாஸ் திரைக்குப் பின்னே நிறுத்துவார்கள். திரையில் ஒரு சிறு துவாரம். நடுக்கடலில் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் அதன் வழியே தெரியும். நீர்மூழ்கியின் பாதையைப் பச்சைச் சாக்கட்டியால் வரைவார்கள். அந்தத் தரையில் பச்சை நிறம் தூரத்திலிருந்து கண்ணில் படாது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு நிமிஷம். அதற்குள் உத்தரவு கொடுக்க வேண்டும்.

எதிரி எங்கே ஒளிந்தான்?

டார்ப்பிடோ கூட்டத்துக்கு வெளியே இருந்துதான் வருகிறது என்று கடற்படையினர் நம்பியிருந்தார்கள். கப்பல் வெடித்ததும் காவல் கப்பல்கள் வெளிப்பக்கமாகப் பாயும். அங்கே தேடும். ஒன்றும் அகப்படாது.

ராபர்ட்ஸுக்குச் சந்தேகம் வந்தது. கூட்டத்தின் நடுவே வந்த கப்பலும் அடிபட்டிருக்கிறதே, அது எப்படி? நீர்மூழ்கிக் காப்டனின் இடத்தில் தன்னை வைத்து யோசித்தார். பெண்கள் தரையில் கப்பல்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். விடை கிடைத்தது.

எதிரி வெளியே இல்லை. பின்பக்கமாகக் கூட்டத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறான்! மாலுமிகள் முன்னேயும் பக்கத்திலும்தான் கவனமாகப் பார்ப்பார்கள். பின்னே அவ்வளவாகப் பார்ப்பதில்லை. உள்ளே வந்து சுடுகிறான். உடனே முழுகி அப்படியே கிடக்கிறான். கப்பல் கூட்டம் அவன் தலைக்குமேல் கடந்து போகிறது. பிறகு சாவகாசமாகத் தப்பிவிடுகிறான்.

அப்படியானால் தேட வேண்டிய இடம் கூட்டத்தின் பின்புறம். காவல் கப்பல்கள் எல்லாம் பின்னே வந்து, வரிசையாகத் துழாவ வேண்டும். நீர்மூழ்கி இப்போது நீருக்குள் இருக்கிறது. வேகமும் இல்லை. ஆஸ்டிக் கருவியிலும் அகப்படும். பழைய கருவிதான்; அதைக் கொண்டுபோகும் இடம்தான் மாறியது.

ஜீன் லெய்ட்லா என்ற பெண் இந்தத் தந்திரத்துக்கு "ராஸ்பெர்ரி" என்று பெயர் வைத்தாள். அது ஒரு பழத்தின் பெயர். நாக்கை நீட்டி "பர்ர்..." என்று ஊதிப் பழிப்புக் காட்டுவதற்கும் ஆங்கிலேயர் அந்தப் பெயரையே சொல்வார்கள். பழிப்பு ஹிட்லருக்கு!

அட்மிரல் பெர்சி நோபிள் அரை மனதோடு பார்க்க வந்தார். பார்த்த பிறகு மனம் மாறினார். காவல் கப்பல்களுக்கு உத்தரவு பறந்தது.

ஐந்து முறை தோற்ற தளபதி

1942 நவம்பரில் நோபிளின் இடத்துக்கு அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டன் வந்தார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கி ஓட்டி, ஜெர்மானியரின் "ஹேலா" போர்க்கப்பலை மூழ்கடித்தவர். அவர் நீர்மூழ்கிக் கட்சியில் ஆடினார். ஐந்து முறை ஆடினார். ஐந்து முறையும் அவருடைய நீர்மூழ்கி "மூழ்கியது"! தம்மைத் தோற்கடித்தது யார் என்று அவர் கேட்டபோது, ஜானெட் ஓகெல் என்ற இளம் பெண்ணைக் காட்டினார்களாம்.

சுமார் 5,000 அதிகாரிகள் இந்த மாடியில் பயிற்சி பெற்றார்கள். அட்லாண்டிக்கில் புயலையும் டார்ப்பிடோவையும் கண்டவர்கள், கடற்போரே பார்க்காத பெண்களிடம் பாடம் கேட்டார்கள். சிலருக்கு முதல் நாள் முகம் சுளித்திருக்கும், அது இயற்கைதான்.

1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்தது. மே 24-ந் தேதி ஜெர்மன் தளபதி டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தம் நீர்மூழ்கிகளை விலக்கிக்கொண்டார். எல்லாப் புகழையும் சாக்கட்டிக்கே கொடுப்பது நியாயமல்ல. புதிய ராடார் வந்தது. நீண்ட தூரம் பறக்கும் விமானங்கள் வந்தன. எதிரியின் ரகசியச் செய்திகளையும் பிரிட்டிஷார் படித்தார்கள். ஆனால் எதிரியைக் கண்ட பிறகு, அடுத்த இரண்டு நிமிஷத்தில் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தது அந்த மாடி அறைதான்.

டெர்பி மாளிகையின் நிலவறை இன்று காட்சிசாலையாக இருக்கிறது. 1945-ல் போர் முடிந்ததும் மாடி அறையை மூடினார்கள். பெண்கள் தத்தம் ஊருக்குத் திரும்பினார்கள். ராபர்ட்ஸ் ஜெர்மனிக்குப் போனார். நீர்மூழ்கித் தலைமையகத்துக்குள் நுழைந்தார். அங்கே அவர் படமே மாட்டியிருந்ததாம்! "இவரே உங்கள் எதிரி" என்று அதன் கீழே எழுதியிருந்ததாக அவர் பின்னால் சொன்னார்.