அறிவொளிக் காலமும் அச்சக் கதையும்

ஐரோப்பிய வரலாற்றிலே பதினெட்டாம் நூற்றாண்டு அறிவொளிக் காலம் எனப் பெயர் பெற்றது. நியூற்றன் கண்ட இயற்கை விதிகளும் லொக் வகுத்த அறிவுக் கொள்கையும் கற்றோர் உள்ளத்திலே வேரூன்றிய காலம் அது. பேயும் சூனியமும் பொய்யெனத் தள்ளப்பட்ட அந்நாளிலேயே, பாழ்ங்கோட்டையும் நிலவறையும் ஆவியும் நிறைந்த கோதிக் நாவல் ஆங்கிலத்திலே தோன்றியது. அதனைப் பகுத்தறிவுக்கு மாறாக எழுந்த கலகம் என்று கூறி அமைவார் பலர். அது பாதி உண்மையே.

1735ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றியது. அதுவரை சூனியக்காரி எனக் குற்றஞ்சாட்டப்பட்டவளுக்கு மரண தண்டனை விதிக்க இடமிருந்தது. புதிய சட்டமோ, சூனியஞ் செய்ய வல்லேன் என்று பிறரை ஏமாற்றுவதையே குற்றமாக்கியது. அப்போது பிரதம மந்திரியாயிருந்தவர் சேர் றொபேட் வால்போல். 1764ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'ஒற்றாண்டோக் கோட்டை' என்னும் முதற் கோதிக் நாவலை இயற்றிய ஹொறேஸ் வால்போல் அவருடைய மைந்தரே.

ஆயினும் மைந்தர் தம் பெயரை மறைத்தார். 1529இல் நேப்பிள்சிலே அச்சிடப்பட்ட இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என முகவுரையிலே புனைந்துரைத்தார். மாபெருந் தலைக்கவசமொன்று வீழ்ந்து இளங்கோமகன் நசுங்கி மாளும் கதையைப் பழங்காலத்தார் பேதைமை என்றாயினும் கற்றோர் பொறுத்துக்கொள்வர் என எண்ணினார் போலும். நூல் வரவேற்புப் பெற்ற பின்னர், 1765இல் வந்த இரண்டாம் பதிப்பிலேதான் உண்மையை ஒப்புக்கொண்டார்.

அச்சம் எங்ஙனம் இன்பமாகும்? ஆபத்து நெருங்காது தொலைவிலே நிற்குமாயின் அச்சமும் உவகை தரும் என 1757இலேயே எட்மண்ட் பேர்க் விளக்கியிருந்தார். பேயை மெய்யாக நம்புகிறவன் நள்ளிரவிலே பேய்க்கதையை விரும்பிப் படிப்பானா? கதவைத் தாளிட்டு இறைவன் நாமத்தையன்றோ சொல்லுவான்! நம்பிக்கை தளர்ந்த பின்னரே அச்சம் சுவையாயிற்று. ஆதலின் கோதிக் நாவல் அறிவொளியின் வீட்டிலே பிறந்த பிள்ளை எனல் பொருந்தும்.

அப்பிள்ளை சில வேளைகளில் அளவுமீறி அடங்கி நடந்ததும் உண்டு. ஆன் றாட்கிளிவ் அம்மையார் 1794இல் வெளியிட்ட 'உடோல்போவின் மர்மங்கள்' என்னும் நாவலிலே, கருந்திரையை விலக்கிப் பார்த்த எமிலி மூர்ச்சித்து வீழ்கிறாள். பன்னூறு பக்கங்களுக்கு அப்பால், திரையின் பின்னிருந்தது வெறும் மெழுகுப் பதுமை என அறிகிறோம். பகுத்தறிவு வென்றது, வாசகர் ஏமாந்தார்.

1818இல் மேரி செல்லி அம்மையார் எழுதிய 'பிராங்கன்ஸ்ரைன்' நாவலிலே பேயே இல்லை. இயற்கை விஞ்ஞானம் பயின்ற மாணவன் ஒருவன் உயிரற்ற உடலுக்கு உயிரூட்டுகிறான். அது கண் விழித்ததும் அஞ்சி ஓடுகிறான். கைவிடப்பட்ட அப்படைப்பு, லொக் கூறியவாறே, ஐம்புலன்களாலே உலகை அறிகிறது. மறைந்திருந்து மொழி கற்கிறது. புளூட்டாக்கையும் மில்ற்றனையும் கேதேயையும் படிக்கிறது. கல்வியால் மனிதன் சீர்பெறுவான் என்ற அறிவொளிக் கொள்கைக்கு இதனினுஞ் சிறந்த மாணாக்கன் கிடைப்பது அரிது. அது நட்பு நாடிச் சென்ற குடிலிலே, கண்பார்வையற்ற முதியவர் அன்போடு பேசினார். உள்ளே வந்து அதன் உருவத்தைக் கண்ட அவர் மகன் தடியால் அடித்தான். அப்படைப்பின் கொலைகள் யாவும் அந்நாளின் பின்னரே நிகழ்கின்றன.