பெயரிடாத பத்துப் பக்கங்கள்

ஆய்விதழுக்கு வந்து சேரும் கட்டுரையை முதலில் படிப்பவர் அதன் பதிப்பாசிரியர். இதழின் துறைக்குள் அடங்காதது, புதிதாக ஒன்றும் சொல்லாதது என்று அவர் கருதும் கட்டுரை அங்கேயே திருப்பி அனுப்பப்படும். தேறியவை அதே துறையில் உழைக்கும் இரண்டு மூன்று வல்லுநர்களிடம் போகின்றன. ஆய்வுமுறை சரிதானா, தரவுகள் முடிவைத் தாங்குகின்றனவா, முன்னோர் கண்டவை உரியவாறு சுட்டப்பட்டுள்ளனவா என்று பார்த்து அவர்கள் எழுதித்தரும் அறிக்கையே மதிப்பாய்வு எனப்படுகிறது. இதற்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது, பெயரும் வெளிவருவதில்லை. மதிப்பாய்வாளர் யாரென்று கட்டுரையாளருக்குத் தெரியாதிருப்பது ஒருவழி மறைப்பு. கட்டுரையாளர் யாரென்று மதிப்பாய்வாளரும் அறியாதிருந்தால் அது இருவழி மறைப்பு. ஏற்பதா, திருத்தச் சொல்வதா, மறுப்பதா என்ற முடிவு மட்டும் பதிப்பாசிரியருடையது.

தொன்றுதொட்டு வருவதுபோலத் தோன்றினாலும், இது ஆய்விதழ்களில் பரவலாக வேரூன்றியது அண்மைக் காலத்தில்தான். லண்டன் ராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665-இல் தொடங்கிய 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்' இதழில் எதை அச்சிடுவது என்பதைப் பெரும்பாலும் அவரே தீர்மானித்தார். 'நேச்சர்' வெளி மதிப்பாய்வைக் கட்டாயமாக்கியதோ 1973-இல். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை அறிவித்த 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த இதழில் மதிப்பாய்வு இன்றியே வெளியானது.

ஐன்ஸ்டைனுக்கே இந்நடைமுறை புதிதாக இருந்தது. ஈர்ப்பலைகள் இல்லை என்று முடிவுகட்டி, நேதன் ரோசனுடன் அவர் எழுதிய கட்டுரையை 1936-இல் 'ஃபிசிக்கல் ரெவ்யூ'வின் பதிப்பாசிரியர் ஜான் டேட் ஒரு வல்லுநருக்கு அனுப்ப, பிழைகளைச் சுட்டும் பத்துப் பக்க அறிக்கை வந்தது. அச்சாகும் முன் பிறரிடம் காட்டத் தாம் அனுமதிக்கவில்லை என்று சினந்து, ஐன்ஸ்டைன் கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த அறிக்கையை எழுதியவர், ஐன்ஸ்டைன் இருந்த பிரின்ஸ்டனிலேயே பணியாற்றிய எச்.பி. ராபர்ட்சன். பின்னர் அவர் ஐன்ஸ்டைனின் உதவியாளர் இன்ஃபெல்டிடம் பிழையை விளக்க, 1937-இல் வேறோர் இதழில் அக்கட்டுரை முடிவு மாறி வெளிவந்தது. பெயரைப் பாராமல் எழுத்தைப் பார்த்த டேட்டின் துணிவை இங்கே பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் மதிப்பாய்வாளர் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று சோதனையை மறுபடி செய்து பார்ப்பதில்லை. தரவுகள் நேர்மையானவை என்று நம்பியே படிக்கிறார். எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு குழுவினரின், வெறும் 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை 1998-இல் 'லான்செட்' இதழில் இப்படித்தான் நுழைந்தது. இதழ் அதைத் திரும்பப் பெற, அதாவது செல்லாது என்று அறிவிக்க, 2010 ஆயிற்று. அதற்குள் தடுப்பூசி மீதான அச்சம் பல நாடுகளில் பரவியிருந்தது. மதிப்பாய்வைத் தாண்டிய கட்டுரையும் ஐயத்தோடு படிக்கத் தக்கதே.

ஐன்ஸ்டைன் ஒருமுறை இல்லையென்று எழுதிய ஈர்ப்பலைகள் 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகளில் பதிவாயின. அதை அறிவித்த கட்டுரை, மதிப்பாய்வு முடிந்து, 2016 பிப்ரவரி 11 அன்று அதே 'ஃபிசிக்கல் ரெவ்யூ' குடும்பத்து இதழொன்றில் வெளியானது.