முன்னோர் செய்த தவறும் நம் பொறுப்பும்

நாம் பிறக்குமுன் நடந்த கொடுமைக்கு நாம் பொறுப்பா? ஜெர்மனியின் இளையோர் இக்கேள்வியோடுதான் வளர்கின்றனர். ஹிட்லர் ஆட்சியில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். அதற்குப் பரிகாரமாக, ஜெர்மன் கிறிஸ்தவர்கள் 1958-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினர். அதன் வழியாக இளையோர் இன்றும் போலந்து, இஸ்ரயேல் போன்ற நாடுகளுக்குச் சென்று பணிவிடை செய்கின்றனர்.

வானம் பார்த்த நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பூமிக்கும் ஒரு பழைய காயம் உண்டு. 1957-இல் நம் ஊர்களும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று, சமாதானக் கூட்டம் நடந்த மறுநாளே, இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர்ச் சீமையில் சாதிக் கலவரம் மூண்டது. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன.

அன்று பகைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரே பேருந்தில் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் சிலருடைய மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக்கயிறு இருக்கிறது. பல வீடுகளில் நம்மவர் அடிபட்ட கதை சொல்லப்படுகிறது. நம்மவர் அடித்த கதை சொல்லப்படுவதில்லை.

தந்தையின் குற்றம் மகனைச் சேராது என்பது எசேக்கியேலின் போதனை (18:20). ஆனால் நெகேமியா காலத்து மக்கள், தம் மூதாதையரின் பாவத்தையும் சேர்த்தே அறிக்கையிட்டனர் (9:2). குற்றம் நம்முடையதன்று, அதன் விளைவைச் சரிசெய்யும் கடமை நம்முடையது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் 2000 மார்ச் 12 அன்று, திருஅவையின் மக்கள் கடந்த காலங்களில் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

எனவே, கயிற்றை அவிழ்க்கச் சொல்லுமுன், பிள்ளைகளுக்கு முழுக்கதையையும் சொல்வோம். அதற்கான துணிவை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.