பாரா ஹைட்ரஜனைப் பேசவைக்கும் ரேடியோ அலை

கோவை அவிநாசி சாலை மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இன்று அன்றாடச் சங்கதி. ஆனால் அந்தப் படம் எவ்வளவு சின்னக் கணக்கில் உருவாகிறது என்பது பலருக்குத் தெரியாது. உடலின் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். 3 டெஸ்லா எந்திரத்துக்குள் அவை காந்தப்புலத்தின் திசையிலும் எதிர்த்திசையிலும் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிந்துவிடும். பத்து லட்சம் கருக்களில் ஒரு பக்கம் கூடுதலாக இருப்பவை சுமார் பத்துதான். மற்றவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, அந்தப் பத்தை வைத்தே படம் வருகிறது.

உடலில் தண்ணீர் ஏராளம் என்பதால் அது போதுகிறது. ஆனால் புற்றுநோய்க் கட்டிக்குள் பைருவேட் எந்த வேகத்தில் லாக்டேட்டாக மாறுகிறது, கீமோவுக்கு அது அடங்குகிறதா என்று பார்க்கக் கார்பன்-13 கருவின் சிக்னல் வேண்டும். சாதாரண ஸ்கேனில் அது எடுபடாது. கருக்களைப் பெருவாரியாக ஒரே பக்கம் திருப்பி வைக்கும் உத்திக்கு ஹைப்பர்போலரைசேஷன் என்று பெயர். அதற்கு மலிவான வழி ஹைட்ரஜன் வாயுவிலேயே இருக்கிறது.

ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு புரோட்டான்கள். அவற்றின் ஸ்பின் சேர்ந்திருக்கும் விதத்தைப் பொறுத்து ஆர்த்தோ, பாரா என்று இரண்டு வகை. 1932-ஆம் ஆண்டுக்கான ஹைசன்பர்க்கின் நோபல் பரிசுக் குறிப்பிலேயே ஹைட்ரஜனின் இந்த இரட்டை வடிவம் இடம்பெற்றது. அறை வெப்பத்தில் பாரா கால் பங்கு மட்டுமே. குளிர்வித்து இரும்பு ஆக்சைடு போன்ற வினையூக்கியின் மேல் ஓடவிட்டால் பங்கு ஏறும்.

எவ்வளவு குளிர்? பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவரின் கேனைத் திறந்தால் வெண்புகை பொங்கும். உறைவிந்துக் குச்சிகள் மூழ்கியிருப்பது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில். அந்தக் குளிரே பாராவைப் பாதியாக உயர்த்திவிடும். முழுப் பலனில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே கைக்கு வருகிறது. மைனஸ் 253-க்குப் போனால் 99 சதவீதத்துக்கும் மேல். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் எஞ்சின்களுக்கான திரவ ஹைட்ரஜன் இந்தக் குளிரில்தான் இருக்கிறது. அதை முன்கூட்டியே பாராவாக மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆர்த்தோ மெல்ல மாறும்போது வெளிவிடும் வெப்பமே தொட்டியில் உள்ளதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிவிடும்.

சிக்கல் இனிமேல்தான். பாரா ஹைட்ரஜன் முழு ஒழுங்கோடு இருந்தும் காந்தத்துக்கு ஊமை. கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு அணியும் சமபலம் என்றால் கயிறு அசையாது அல்லவா, அப்படி இரண்டு ஸ்பின்னும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. அந்த இரு புரோட்டான்களையும் வேறொரு மூலக்கூறில் வேதிவினையால் சேர்த்து, இரண்டின் சூழலையும் வெவ்வேறாக்கினால் சமநிலை குலையும் என்று பவர்ஸ், வைட்கேம்ப் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் கணித்தார்கள். மறு ஆண்டே செய்தும் காட்டினார்கள்.

குலைந்த பிறகும் சிக்னல் தானாக வந்துவிடாது. அதைத் தட்டியெழுப்புவது ரேடியோ அலைத் துடிப்பு. வழக்கமான என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) சோதனையில் கருக்களை 90 டிகிரி திருப்பும் துடிப்புதான் உச்ச சிக்னல் தரும். இங்கே அதைக் கொடுத்தால் ஒன்றும் வராது! 45 டிகிரிதான் உச்சம். அப்போதும் சிக்னலில் பாதி மேல்நோக்கி, பாதி தலைகீழ்; படமெடுக்கப் போனால் கழிந்துவிடும். எனவே துடிப்புகளை மில்லிசெகண்ட் கணக்கில் இடைவெளி விட்டு அடுக்குகிறார்கள். இடைவெளியைத் தீர்மானிப்பது கருக்கள் ஒன்றையொன்று பாதிக்கும் வலு, அதாவது ஜே-பிணைப்பு.

என்னை அதிகம் வியக்கவைப்பது 2013-இல் வந்த ஸ்லிக் முறை. அதில் ரேடியோ அலையை மிக மெலிதாக, விடாமல் கொடுக்கிறார்கள். கார்பன் கருவை அது சுழற்றும் வேகம் இரு ஹைட்ரஜன்களுக்கு இடையிலான பிணைப்போடு, அதாவது சுமார் பத்து ஹெர்ட்ஸோடு, பொருந்தும்போது ஆற்றல் நிலைகள் சந்திக்கின்றன. முடங்கிக் கிடந்த ஒழுங்கு கார்பனுக்குப் பாய்கிறது. அளவு கொஞ்சம் பிசகினாலும் பாய்ச்சல் சரியும். அதனால் அலையின் வலுவை ஒரே அளவில் நிறுத்தாமல், பொருந்தும் புள்ளியைத் தாண்டும்படி மெல்ல ஏற்றும் வழியையும் கையாள்கிறார்கள்.

ஹைப்பர்போலரைஸ் செய்த பைருவேட்டை மனிதர்களில் பார்த்த முதல் ஆய்வு சான் பிரான்சிஸ்கோவில் புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் நடந்து, 2013-இல் வெளியானது. அதற்குப் பயன்பட்டது டி.என்.பி. என்ற வேறு முறை. கிட்டத்தட்ட தனிச்சுழி வெப்பம் வரை குளிர்விக்கும் விலையுயர்ந்த எந்திரமும் நீண்ட காத்திருப்பும் அதற்கு வேண்டும். பாரா ஹைட்ரஜன் வழியில் வினையும் துடிப்புகளும் சில நொடிகளில் முடிந்துவிடும். பைருவேட்டோடு ஒரு பக்கக்கிளையை ஒட்டி, ஹைட்ரஜனை அதில் ஏற்றி, பிறகு கிளையை வெட்டிவிடும் உத்தி 2015-இல் வந்தது. நம்மூர் போன்ற ஊர்களுக்கு எட்டக்கூடிய வழி இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மிச்சமிருப்பது கடினமான வேலை. வினைக்கு உதவும் ரோடியம் உலோகத்தையும் கரைப்பானையும் ஊசி போடுமுன் முழுக்க வடிகட்டியாக வேண்டும். கார்பனில் ஏற்றிய ஒழுங்கோ ஒரு நிமிட அளவில் கரைந்துவிடும். வாயுவை அழுத்தத்தில் செலுத்தி, கலக்கி, துடிப்பு கொடுத்து, வடித்து, ஸ்கேன் மேசை வரை கொண்டுசேர்ப்பது அந்த அவகாசத்துக்குள் நடக்க வேண்டும். இதில் பாதி வேதியியல்; மீதி வால்வும் பம்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியும். பம்பும் மோட்டாரும் செய்தே பேர் வாங்கிய கோவையில், பீளமேடு, கணபதிப் பட்டறைகளும் பக்கத்திலுள்ள பொறியியல் கல்லூரிகளும் சேர்ந்து அந்த மீதியில் கைவைக்கலாம்.